உதவி: தீனி சமம்தான், பச்சை விளக்கில் மட்டும் புறா ஏன் அதிகமாகக் கொத்துகிறது?

கூண்டுமாணவி:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காகப் புறாக்களை வைத்து வேலை செய்கிறேன். விளக்கெரியும் பொத்தானைக் கொத்தினால் புறாவுக்கு அவ்வப்போது தீனி விழும். விளக்குகள் எப்போதும் ஒரே வரிசையில் எரியும்: பச்சை, வெள்ளை, நீலம், மஞ்சள், மறுபடி பச்சை. பச்சையிலும் நீலத்திலும் சராசரியாக 1 நிமிடத்துக்கு ஒரு தீனி. வெள்ளையில் தீனியே கிடையாது. மஞ்சளில் 15 நொடிக்கு ஒன்று. ஆனால் எல்லாப் புறாக்களும் நீலத்தைவிடப் பச்சையில்தான் அதிகம் கொத்துகின்றன. தீனி விழுவதைச் சரிபார்த்துவிட்டேன், இரண்டிலும் சமம். எங்கே கோளாறு?

பழையஆய்வகம்:
கருவியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. பச்சை எரிந்தால் அடுத்து தீனி நிற்கப்போகிறது, நீலம் எரிந்தால் அடுத்து தீனி கொட்டப்போகிறது. புறாவுக்கு இது தெரிந்துவிட்டது. ஒரு விளக்கில் தீனியை நிறுத்தினால் மாற்றமே செய்யாத மற்ற விளக்கில் கொத்தல் கூடும் என்று உளவியலாளர் ரெனால்ட்ஸ் 1961-லேயே காட்டினார். இதில் பின்னால் வருவதன் பங்குதான் பெரிது என்று பென் வில்லியம்ஸ் 1981-இல் வாதிட்டார். உங்கள் வரிசையும் அதையே சொல்கிறது. முன்னால் நடந்ததுதான் காரணம் என்றால், வெறும் வெள்ளைக்குப் பிறகு வரும் நீலத்தில் அல்லவா கொத்தல் ஏறியிருக்க வேண்டும்?

கூண்டுமாணவி:
ரொம்ப நன்றி சார்! அப்படியானால் புறாவுக்குப் பச்சைதான் அதிகம் பிடிக்கிறது என்று எழுதலாமா?

பழையஆய்வகம்:
வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேர்வு செய்யவிட்டபோது, நல்ல தீனிக்கு முன்னால் வரும் விளக்கையே புறாக்கள் நாடின. இதுவும் வில்லியம்ஸின் சோதனைதான். கொத்தும் வேகம் ஒரு பக்கம், விருப்பம் இன்னொரு பக்கம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த முடிவு இது.

எலிக்காரன்:
எலியிலும் பார்க்கலாம். அடுத்து 32% சர்க்கரைக் கரைசல் வரும் என்று பழகிய எலிகள், முதலில் வைக்கும் 0.15% சாக்கரின் (செயற்கை இனிப்பு) கரைசலைக் குறைவாகவே நக்கும் (ஃபிளாஹெர்ட்டி, செக், 1982). ஆனால் இதைப் பொது விதியாக்கிவிடாதீர்கள். நெம்புகோலை அழுத்தி 1% சர்க்கரைக் கரைசல் பெறும் எலிகள், சோதனையின் பின்பாதியில் உணவு உருண்டை வரும் என்றால் முன்பாதியில் அதிகமாக அழுத்துகின்றன என்று வெதர்லி குழு காட்டியிருக்கிறது. நேர் எதிர்!

பழையஆய்வகம்:
உண்மை. எனவே எழுதும் முன் இரண்டு வேலை பாருங்கள். முதலில் பச்சையையும் நீலத்தையும் இடம் மாற்றுங்கள், நிறத்தால் வந்த வித்தியாசமா என்று தெரிந்துவிடும். அப்புறம் வரிசையைக் கலைத்துவிடுங்கள். அடுத்தது எது என்று விளக்கு சொல்லாதபோது வித்தியாசம் சுருங்க வேண்டும்.

கூண்டுமாணவி:
சரி சார், நிறமாற்றத்தில் தொடங்குகிறேன். வரிசையைக் கலைத்த பிறகு வரும் வரைபடத்தை இங்கேயே போடுகிறேன்.