ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சிறு பாகங்களுக்கு வீட்டில் துத்தநாக முலாம்: செய்யலாமா, கூடாதா?

பெருங்களத்தூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். 1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களில் ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். தகர வேலையும் பெயின்டும் முடிந்துவிட்டன. மிச்சமிருப்பவை போல்ட், நட்டு, வாஷர், கிளாம்ப், பிரேக் குழாயைப் பிடிக்கும் கிளிப், ஹார்ன் பிராக்கெட் போன்ற சிறு பாகங்கள். இவை துருப்பிடிக்காமல் இருக்க வீட்டிலேயே துத்தநாக முலாம் பூசலாம் என்பது என் நிலைப்பாடு. இது ஆபத்தான விளையாட்டு என்று இங்கே சென்ற வாரம் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை, காரணங்களைச் சொல்கிறேன்.

ஹெரால்டின் மரைகள் மெட்ரிக் அல்ல, அங்குல அளவிலானவை. பெரும்பாலும் யூஎன்எஃப் எனப்படும் அங்குல அளவு நுண் மரைகள் என்பதால் தெருமுனை ஹார்டுவேர் கடையில் மாற்றுப் போல்ட் கிடைப்பதில்லை. பழைய போல்ட்டின் தலையில் உள்ள தயாரிப்பாளர் முத்திரையும் வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதிதான். முலாம் பட்டறையில் கொடுத்தால் மற்றவர்களின் சரக்கோடு சேர்த்துப் பேரல் என்னும் சுழலும் உருளையில் போட்டு உருட்டிவிடுகிறார்கள். ஒரு கிளிப் காணாமல் போனால் அதற்கு ஈடு கிடையாது.

செய்முறையும் எளிதுதான். நெல் வயலுக்குப் போடும் துத்தநாக சல்பேட் உரக்கடையில் கிடைக்கிறது. லிட்டருக்கு 240 கிராம் அளவில் கரைத்து, கொஞ்சம் போரிக் ஆசிட் சேர்த்து, துத்தநாகத் தகட்டை நேர்முனையிலும் பாகத்தை எதிர்முனையிலும் இணைக்க வேண்டும். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 1.5 ஆம்பியர் வீதம் 20 நிமிடம் செலுத்தினால், கணக்குப்படி ஏறக்குறைய 8 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படிகிறது. வண்டிக்கு உள்ளே இருக்கும் கிளிப்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஃபியட் பிரியன், கோவை:

என்னுடையது பிரீமியர் பத்மினி. அதன் போல்ட்டுகள் மெட்ரிக் என்பதால், ஏற்கெனவே முலாம் பூசிய புதியவற்றை வாங்கிப் போட்டு வேலையை முடித்துவிட்டேன். ஓட்டுவதற்காகத்தான் வண்டி என்றால், அரை நூற்றாண்டு ஓடித் தேய்ந்த மரைக்கு மெருகேற்றுவதை விட நல்ல புதுப் போல்ட் போடுவதே பாதுகாப்பு. அங்குல அளவுப் போல்ட்டுகளையும் தேடினால் வாங்கலாம்.

அம்பத்தூர் முலாம்:

நான் பணிக்காலம் முழுவதும் முலாம் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெருங்களத்தூர்த் தம்பியின் கணக்கு தவறில்லை. ஆனால் அந்த 8 மைக்ரான் சராசரி மட்டுமே. சல்பேட் கரைசலில் மின்னோட்டம் விளிம்பையும் மேட்டையும் தேடிப் போகும், பள்ளத்துக்குள் நுழையாது. பிராக்கெட்டின் வெளி விளிம்பில் 20 மைக்ரான் ஏறியிருக்கும்போது உள் மடிப்பில் 2 மைக்ரான்கூட இருக்காது. துரு பிடிப்பதோ அந்த மடிப்பில்தான். மரையிலும் தொல்லை உண்டு: 60 பாகைக் கோண மரையில் முலாத்தின் கனம் எவ்வளவோ, அதைப்போல் நான்கு மடங்கு மரை விட்டம் கூடும். 8 மைக்ரானுக்கு 32 மைக்ரான் கூடுகிறது என்றால், யூஎன்எஃப் போன்ற நுண் மரையில் நட்டு இறுகி நின்றுவிடலாம்.

இவையெல்லாம் அழகைப் பற்றியவை என்று தள்ளிவிட்டாலும், ஹைட்ரஜனைத் தள்ள முடியாது. துருவையும் பழைய பூச்சையும் நீக்க ஆசிடில் ஊறும்போதும் முலாம் ஏறும்போதும் உருவாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுகிறது. மென்மையான எஃகுக்கு அதனால் கெடுதல் இல்லை. கடினமாக்கப்பட்ட எஃகிலோ, இறுக்கிய நிலையில் சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போல்ட் முறியும். அதனால்தான் முலாம் பூசிய 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கிறோம். போல்ட் தலையில் 6 ஆரக்கோடுகள் இருந்தால் அது கிரேடு 8, அதாவது கடினமாக்கப்பட்ட எஃகு. அதை வீட்டில் தொடவே கூடாது. ஆக்சிலரேட்டரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்கும் அப்படித்தான். அது முறிந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பெருங்களத்தூர்க்காரன்:

ஐயா, ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் ஆகியவற்றைத் தாங்கும் போல்ட்டுகளையும் எந்த ஸ்பிரிங்கையும் நான் முலாமுக்கு எடுக்கவில்லை. அவற்றை ஃபியட் நண்பர் சொன்னபடி புதிதாகவே போடுகிறேன். என் பட்டியலில் உள்ளவை வளைத்தால் வளையும் மென்மையான எஃகுத் துண்டுகள். உள் மடிப்பு பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. அதற்காகவே நேர்முனைத் தகட்டை ஒரு பக்கம் மட்டும் வைக்காமல், இருபுறமும் வைத்துப் பாகத்தை நடுவில் தொங்கவிடுகிறேன். பிராக்கெட்டைப் பாதி நேரத்தில் திருப்பித் தொங்கவிடுகிறேன். பட்டறையில் பேரலுக்குள் உருளும் பாகத்துக்கு இந்தக் கவனிப்பு கிடைக்குமா?

சுத்தம் செய்வதிலும் அவசரப்படுவதில்லை. கழுவிய கிளிப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது தண்ணீர் உடையாத ஒரே படலமாக அதன் மேல் நிற்க வேண்டும். எங்காவது படலம் விலகித் திவலையாகச் சுருண்டால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். மறுபடியும் சலவைச் சோடாவில் தேய்க்கிறேன். இந்தச் சோதனையில் தேறாத எதுவும் தொட்டிக்குள் போவதில்லை.

வேதியியல் ஆசிரியை, வேலூர்:

இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் புதிய முலாத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆசிடில் கரைத்து நீக்கும் பழைய முலாம் எது? அக்காலத்துப் பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளின் சிறு பாகங்களில் துத்தநாகம் மட்டுமல்லாமல் காட்மிய முலாமும் பரவலாகப் பயன்பட்டது. ஹெரால்டோ இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டைத் தழுவிய வண்டி. அந்தப் பாகத்தில் காட்மியம் இருந்திருந்தால், கம்பிச் சக்கரத்தால் தேய்க்கும்போது எழும் தூசியிலும், இறுகிய நட்டைக் கழற்றத் தீயால் சூடாக்கும்போது எழும் புகையிலும், ஊறவைத்த ஆசிடிலும் அது இருக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கி ஆண்டுக்கணக்கில் வெளியேறாத நஞ்சு. அதன் புகை நுரையீரலை நேரடியாகத் தாக்கும். பழைய பூச்சு துத்தநாகமா காட்மியமா என்று கண்ணால் பார்த்து உறுதியாகப் பிரித்தறிய முடியாது.

அடுத்தது மஞ்சள் பாஸிவேஷன், அதாவது துத்தநாகத்தின் மேல் ஏற்றும் பாதுகாப்புப் படலம். பழைய வண்டிகளில் காணும் அந்தப் பொன்னிற மினுமினுப்புக்காகச் சிலர் டைகுரோமேட் கரைசலை வீட்டில் தயாரிக்கிறார்கள். அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் விளைவிப்பது என்று உறுதியானது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையில், மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேல் கழிவு குவிந்து, நிலத்தடி நீர் கெட்டதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் செய்வது ஒரு லிட்டர்தான் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்த ஒரு லிட்டரும் ஒரு கிணற்றின் அருகில்தான் கொட்டப்படும்.

பெருங்களத்தூர்க்காரன்:

அம்மா, டைகுரோமேட்டை நான் ஒருபோதும் வாங்கப்போவதில்லை. மூன்று இணைதிறன் குரோமியத்தில் தயாரான பாஸிவேஷன் கரைசல்கள் விற்பனைக்கு உள்ளன. பொன்னிறம் சற்றுக் குறைந்தாலும் அதுவே போதும். பழைய முலாம் பற்றி நீங்கள் சொன்னது என் செய்முறையை மாற்றுகிறது. பழைய பூச்சு கண்ணுக்குத் தெரியும் பாகங்களைக் கம்பிச் சக்கரத்தில் தேய்ப்பதையும் ஆசிடில் போடுவதையும் நிறுத்திவிடுகிறேன். பூச்சு முற்றிலும் போய்த் துருவேறிய பாகங்களை மட்டும் நானே செய்கிறேன்.

அம்பத்தூர் முலாம்:

நேர்முனைத் தகடு எங்கே வாங்குகிறீர்கள் தம்பி? படகுகளின் அடியில் துருவைத் தடுக்கப் பொருத்தும் துத்தநாகக் கட்டியைப் பலர் மலிவென்று வாங்குகிறார்கள். அது கடலில் சீராகக் கரைய வேண்டும் என்பதற்காக அலுமினியமும் சிறிதளவு காட்மியமும் கலந்தே வார்க்கப்படுவதுண்டு. முலாம் வேலைக்கென்று விற்கும் 99.99 சதவீதத் தகட்டைக் கேட்டு வாங்குங்கள். உர சல்பேட்டும் அப்படியே: அதில் இரும்பும் வேறு உலோகங்களும் கலந்திருந்தால் முலாம் கருத்துப் படியும். விளைச்சலுக்கு வேண்டிய தரம் வேறு, முலாமுக்கு வேண்டிய தரம் வேறு.

பட்டறைகளைப் பற்றிய உங்கள் குறையில் பாதி நியாயம். ஆனால் பேரல் வேண்டாம், கம்பியில் கோத்துத் தொங்கவிடும் ராக் முறையில் செய்து தாருங்கள் என்று கேட்க வேண்டியது வாடிக்கையாளரின் பொறுப்பு. பாகங்களைச் செம்புக் கம்பியில் நீங்களே கோத்து, எண்ணிக்கையை எழுதிப் புகைப்படத்தோடு கொடுத்தால் எந்த மேற்பார்வையாளரும் கவனமாகத்தான் இருப்பார். அங்கே வேகவைக்கும் அடுப்பு இருக்கிறது, கழிவுநீர் சுத்திகரிப்பு இருக்கிறது. வீட்டில் இரண்டும் இல்லை. கேக் சுடும் அடுப்பில் போல்ட்டை வேகவைக்கலாமா என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். உணவு வைக்கும் அடுப்பில் இது கூடவே கூடாது.

வேதியியல் ஆசிரியை, வேலூர்:

கழிவைப் பற்றித்தான் நானும் கேட்க வந்தேன். துத்தநாகம் வயலில் சத்து என்பதால் சாக்கடையில் விடலாம் என்று எண்ண வேண்டாம். நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. செப்டிக் தொட்டியின் நுண்ணுயிர்களையும் கெடுக்கும். சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தன்மையை முறித்து, பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 9 அளவுக்குக் கொண்டுவந்தால் துத்தநாகம் வெண்படிவாக அடியில் இறங்கும். காஸ்டிக் சோடாவை அள்ளிப் போட்டு 11-க்கு மேல் ஏற்றினால், இறங்கிய படிவு மறுபடியும் கரைந்துவிடும். ஆகையால் பிஹெச் தாள் இல்லாமல் இதைச் செய்ய இயலாது. படிவை வடிகட்டி உலர்த்தி, பெயர் எழுதிய டப்பாவில் மூடி வைக்க வேண்டும்.

பெருங்களத்தூர்க்காரன்:

தொட்டிக் கரைசலை நான் கொட்டுவதே இல்லை. வடிகட்டி மூடிவைத்து அடுத்த வேலைக்கு எடுக்கிறேன். நேர்முனைத் தகடு கரைந்து துத்தநாகத்தை ஈடுசெய்வதால் அது நீண்ட காலம் தாங்குகிறது. ராக் முறையைக் கேட்கலாம் என்ற யோசனைக்கு நன்றி ஐயா. பானெட்டின் பக்கவாட்டுக் கொக்கிகளையும், பழைய பூச்சு மிச்சமிருக்கும் பாகங்களையும் அப்படியே கொடுத்துவிடுகிறேன். துருவேறிய கிளிப்புகளையும் வாஷர்களையும் என் கூரைக்கு வெளியே, காற்றோட்டத்தில், நானேதான் செய்வேன். அதில் மாற்றமில்லை.

வேதியியல் ஆசிரியை, வேலூர்:

கரைசலைச் சேமிப்பது சரி. தொட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு கிளிப்பையும் கழுவுகிறீர்களே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

பெருங்களத்தூர்க்காரன்:

இதுவரை வாளியில் சேர்ந்திருக்கிறது அம்மா, கொட்டவில்லை. ஓடும் குழாயில் கழுவாமல், அடுத்தடுத்து மூன்று வாளிகளில் முக்கியெடுக்கிறேன். முதல் வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றிக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் நீங்கள் சொன்ன பிஹெச் 9 முறைப்படி படியவைத்துவிட்டு, நீரைச் சோதித்த தாளின் நிறத்தைப் படம் எடுத்து இங்கேயே இடுகிறேன்.