மலிவு ரவுட்டர் வாங்கினவர்கள் கதை சொல்லுங்கள்: திருகோணமலை

உவர்மலையில் இருந்து:

போன மாதம் மத்திய வீதிப் பக்கம் ஒரு கடையில் 5,500 ரூபாவுக்கு இரண்டு கொம்பு (அன்டெனா) வைத்த வெள்ளை ரவுட்டர் ஒன்று வாங்கினேன். வாங்கினது சரியா பிழையா என்று இன்னும் வீட்டில் வழக்கு நடக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன். முதலில் என் கதை.

எங்கள் வீடு அப்பா காலத்தது, ஒன்பது அங்குலச் சுவர். பைபர் கம்பெனிக்காரர் வந்தபோது தங்களுக்கு வசதியான இடம் பார்த்து முன் விறாந்தை மூலையில் பெட்டியை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மகனின் அறையோ குசினிக்குப் பின்னால். நடுவில் மூன்று சுவர், ஒரு இரும்பு அலுமாரி, பிரிட்ஜ். உயர்தரம் படிக்கிற பெடியன் ஒவ்வொரு சூம் வகுப்புக்கும் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வருவான். மீன்காரர் மணி அடிக்கிற சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்கும்.

அதற்காகத்தான் ரவுட்டர் வாங்கினேன். அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வேகம் 300 எம்.பி.பி.எஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினால் பக்கத்தில் நின்று பார்த்தாலே போனில் 40ஐத் தாண்டவில்லை. கடைக்காரரை ஒரு நாள் முழுக்கத் திட்டினேன். பிறகுதான் விளங்கியது, அந்த 300 என்பது காற்றில் ஓடக்கூடிய உச்சக் கணக்கு. அதுவும் ரவுட்டரும் போனும் இரண்டிரண்டு அன்டெனாவோடு, 40 மெகாஹெர்ட்ஸ் அகலப் பாதையில் பேசினால் மட்டும். நடைமுறையில் பாதி கிடைத்தாலே பெரிய காரியம். போதாததற்குப் பின்னால் வயர் குத்துகிற துளை 100 எம்.பி.பி.எஸ்தான். 300 எந்த வழியால் உள்ளே வரும்?

அடுத்த தலையிடி பிரிண்டர். அது முன் பெட்டியில் இணைந்திருந்தது, மகனின் லப்டொப் புது ரவுட்டரில். ஒன்றை ஒன்று தெரியவே தெரியாது. அதோடு இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி, 192.168.1.1. வீட்டுக்கு இரண்டு தலைவர்கள் மாதிரி. பின்னேரம் முழுக்க மண்டையை உடைத்துவிட்டு, புதியதை ‘அக்சஸ் பொயின்ட்’ முறைக்கு மாற்றினேன். அதன்பிறகு முகவரி கொடுக்கிற வேலை முன் பெட்டிக்கு, சிக்னலைப் பரப்புகிற வேலை மட்டும் இதற்கு. சில ரவுட்டர்களில் அந்த முறை மெனுவில் இருக்காது. அப்படியென்றால் புதியதின் முகவரியை வேறாக மாற்றி, டி.எச்.சி.பியை (முகவரி கொடுக்கிற வேலையை) நிறுத்திவிட்டு, வயரை நீலத் துளையில் குத்தாமல் மஞ்சள் துளையில் குத்தினால் அதே வேலை நடக்கும்.

இடம்தான் கடைசியாக வந்த ஞானம். பார்வைக்கு அழகாக இருக்கும் என்று இரும்பு அலுமாரிக்கு மேல் வைத்திருந்தோம். மகனின் அறையில் 8 வந்தது. அங்கிருந்து எடுத்து குசினி வாசல் நிலைக்கு மேல் ஆணி அடித்து மாட்டினேன். 45 வந்தது. நடுவில் வேறொன்றும் மாறவில்லை, ஆணி ஒன்றுதான்.

உங்களுக்கு எப்படி?

நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் இருந்து:

அண்ணா, உங்கள் வீட்டுக்கு அது போதும். எனக்கு அது காணாது என்று பட்டுத்தான் தெரிந்தது.

நாங்கள் ஒன்பது அறை வைத்துச் சின்ன விடுதி நடத்துகிறோம். சித்திரையில் இருந்து புரட்டாதி வரைக்கும்தான் உழைப்பு, புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்கள் வருகிற காலம். காசு மிச்சம் பிடிக்கலாம் என்று இதே மாதிரி மலிவு ரவுட்டர் மூன்று வாங்கி மூன்று மூலையில் வைத்தேன். பகலில் ராஜா மாதிரி வேலை செய்யும். இரவு எட்டு மணிக்கு எல்லோரும் கடலால் வந்து படம் ஏற்றத் தொடங்கினால் மூன்றும் மூச்சு விடாது. ஒரு ரவுட்டரில் பதினாலு போன் தொங்கிக்கொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தேன். பெட்டி மோசம் இல்லை. நாலு பேர் குடும்பத்துக்குச் செய்ததை நாற்பது பேருக்கு வைத்தால் அது என்ன செய்யும். இப்போது வரவேற்பறையில் மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் உள்ள கொஞ்சம் விலை கூடியது ஒன்று போட்டிருக்கிறேன். அதுவும் இரண்டு சுவர் தாண்டினால் படுத்துவிடும், பழைய 2.4 தான் அறைக்குள்ளே போகும். ஆகவே இரண்டும் வேண்டும்.

நான் எழுத வந்தது உப்பைப் பற்றி. கடலுக்கு நூறு மீற்றரில் இருக்கிறவர்கள் கவனியுங்கள். ஒரு வருடத்தில் முதலாவது ரவுட்டர் விட்டு விட்டு வேலை செய்யத் தொடங்கியது. வயரைக் கழற்றிப் பார்த்தால் துளைக்குள் இருக்கிற எட்டு முள்ளிலும் பச்சை பூத்திருந்தது, கோயில் குத்துவிளக்கில் பூக்கிறதே, அதே பச்சை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தேன், உயிர் வந்தது. இப்போது சும்மா இருக்கிற துளைகளுக்கெல்லாம் பழைய வயர் நுனியை வெட்டி மூடி மாதிரிக் குத்திவைத்திருக்கிறேன். வாடைக் காலத்தில் விடுதி பூட்டியிருக்கும்போது மூன்றையும் கழற்றி டப்பாவில் போட்டு உள்ளே வைப்பேன்.

அன்புவழிபுரத்தில் இருந்து:

எங்கள் வீட்டில் அம்மா ரவுட்டருக்கு உடுப்புப் போட்டிருக்கிறார். ரீவிக்குப் பின்னிய அதே வெள்ளை நூல் விரிப்பு, கொம்பு இரண்டும் வெளியே வர ஓட்டை வைத்து. தூசி படுமாம். கச்சான் அடிக்கிற ஆடி மாதம் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல். அடிக்கடி தானாக நின்று நின்று வரும். விரிப்பை எடுத்தேன், அந்தத் தொல்லை தீர்ந்தது. வாணி விழாவன்று மறுபடி போட்டு, போதாததற்குக் காற்றோட்ட ஓட்டையிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். கழுவவா முடியும்? ஊசியால் தோண்டினேன்.

கிண்ணியாவில் இருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டு ரவுட்டர் மலிவானதுதான், நல்லாவும் இருந்தது, இடிதான் கொண்டு போனது. இரண்டு தரம்.

முதல் தரம் செம்புக் கம்பி லைன் இருந்த காலம். உம்மாவுக்கு ஒரு பழக்கம், தூரத்தில் முழங்கினாலே ரீவி, பிரிட்ஜ், அயன் எல்லாப் பிளக்கையும் இழுத்துவிடுவார். அன்றும் இழுத்தார். ஆனால் டெலிபோன் வயரைக் கழற்றவில்லை. அது வழியாக வந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு எரிந்த றப்பர் மணம். டெலிபோன் குத்துகிற துளையைச் சுற்றிக் கறுப்பு.

பைபர் வந்ததும் இனிப் பயம் இல்லை என்று நினைத்தோம். கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாதுதானே. அது உண்மைதான். ஆனால் வாப்பாவின் கடை வீட்டுக்கு முன்னால், வளவைத் தாண்டி. வீட்டு ரவுட்டரில் இருந்து கடைக்கு இருபத்தைந்து மீற்றர் நெட்வேர்க் வயர் மாமரத்தோடு சேர்த்து இழுத்திருந்தேன். போன ஐப்பசியில் ஒரு பின்னேரம், மழை வரக்கூட இல்லை, வெட்டி முழங்கியது. எங்கள் வீட்டில் விழவில்லை, எங்கோ பக்கத்தில். இரண்டு முனையிலும் வயர் குத்தியிருந்த துளை மட்டும் செத்தது. மற்றத் துளைகள் உயிரோடு. அந்த நீள வயரே மின்னலைப் பிடிக்கிற பொறி மாதிரி வேலை செய்திருக்கிறது.

முன்பு என்றால் ஒரு ரவுட்டர் வாங்க ஃபெரி பார்த்துக் காத்திருக்க வேண்டும், 2009இல் பாலம் திறந்த பிறகு அரை நாளில் போய் வாங்கி வரலாம். அதற்காக வருடா வருடம் வாங்கவா முடியும்? இப்போது இடி கேட்டால் பிளக்கும் கழற்றுகிறோம், வயரும் கழற்றுகிறோம். உம்மாதான் பொறுப்பு. கடைக்கு வயர் இல்லாமல் அனுப்ப ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

திருக்கடலூரில் இருந்து:

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு மதில்தான் இடைவெளி. போனைத் திறந்தால் பதினேழு வைஃபை பெயர் தெரியும், அதில் பாதிக்கு மேல் ஒரே சனலில் (அலைப் பாதையில்). 2.4இல் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்கிற சனல் 1, 6, 11 மூன்றுதான். என் தங்கச்சியின் மகன் போனில் ஏதோ ஒரு செயலி போட்டுப் பார்த்து, எல்லோரும் 6இல் நிற்கிறார்கள் மாமா என்றான். 11க்கு மாற்றினோம். ரவுட்டரில் ‘40’ என்று இருந்த அகலத்தை ‘20’ ஆகவும் குறைத்தோம். நெரிசலான இடத்தில் அகலம் குறைந்தால்தான் நிம்மதி. வேகம் குறையவில்லை, கூடியது.

இன்னொன்று. என் பாஸ்வேர்ட் பிள்ளையின் பிறந்த திகதி. அடுத்த வீட்டுக்காரர் பிறந்தநாள் கேக் சாப்பிட வந்தவர்தானே. மாத முடிவுக்கு முன்னரே டேட்டா தீர்ந்தபோதுதான் யோசித்தேன். மாற்றிவிட்டேன், அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மூதூரில் இருந்து:

எல்லோரும் ரவுட்டரை விட்டுக் கொடுத்துப் பேசுகிறீர்கள். எனக்குக் கோபம் ரவுட்டரில் இல்லை, கடையில். வாங்கி ஒன்பதாம் நாள் வைஃபை வெளிச்சம் நின்றது. கொண்டுபோனேன். கொழும்புக்கு அனுப்ப வேண்டும் டீச்சர் என்றார்கள். ஆறு கிழமை. நான் பாடசாலை முடிந்து மூன்று தரம் பஸ் ஏறினேன். நாலாம் தரம், 1977 என்ற நம்பருக்கு, நுகர்வோர் அதிகாரசபைக்கு எடுத்துச் சொல்லப் போகிறேன் என்றேன். அன்றே மேசைக்குக் கீழிருந்து ஒரு பெட்டி வந்தது.

வீட்டில் பூட்டினால் வேறு யாருடையதோ வைஃபை பெயர் வருகிறது! யாரோ திருப்பிக் கொடுத்ததைத் துடைத்து எனக்குத் தந்திருக்கிறார்கள், உள்ளே துடைக்க மறந்துவிட்டார்கள். பின்னால் இருக்கிற ஊசித் துளையைப் பத்து வினாடி அமத்திப் பிடித்து எல்லாம் அழித்தேன். வேலை செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் வாங்கும்போது பெட்டியில் இருக்கிற தொடர் இலக்கமும் ரவுட்டரின் அடியில் இருக்கிற இலக்கமும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். பில்லிலும் அந்த இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள்.

பாலையூற்றில் இருந்து:

நான் இந்தச் சாமான்களைப் பழுது பார்க்கிறவன். டீச்சர் சொன்ன தொடர் இலக்கக் கதை உண்மை, எங்கள் தொழிலுக்கே வெட்கம்.

செத்துப்போச்சு என்று என்னிடம் வருகிற ரவுட்டர்களில் நிறைய சாகவே இல்லை. அடாப்டர்தான் போயிருக்கும். வெளிச்சம் எரியும், ஆட்கள் பார்த்துவிட்டு அடாப்டர் நல்லம் என்று நினைப்பார்கள். மீற்றர் வைத்தால் சும்மா இருக்கும்போது 9 வோல்ட் காட்டும். ரவுட்டரைக் கொழுவினதும் 6க்கு விழும். வைஃபை கிளம்புகிற நேரம் இழுப்பு கூடும், உடனே நின்று மறுபடி முதலில் இருந்து. இப்படி நாள் முழுக்கச் சுற்றும். அடாப்டர் மாற்றினால் சரி. கொண்டுவந்தவரிடம் ரவுட்டருக்கு ஒன்றும் இல்லை என்றால் நம்பாமல் பார்ப்பார்.

மற்றது 2022இன் மிச்சம். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்த நாட்களில் ரவுட்டருக்கான சின்ன யூ.பி.எஸ் (கரண்ட் போனாலும் ஓடவைக்கிற பற்றரிப் பெட்டி) வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். அதில் 9 வோல்ட்டுக்கு ஒரு துளை, 12க்கு ஒரு துளை. இரண்டுக்கும் ஒரே அளவு முள். பைபர் பெட்டி பெரும்பாலும் 12, மலிவு ரவுட்டர் பெரும்பாலும் 9, சில 5 கூட இருக்கும். இருட்டில் மாற்றிக் குத்தினவர்கள் எத்தனையோ பேர். 9 ரவுட்டரில் 12 போனால் சிலது தாங்கும், சிலது கொதித்துக் கொதித்து இரண்டு மாதத்தில் போகும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற தாளில் வோல்ட் எழுதியிருக்கும், டோர்ச் அடித்தாவது பாருங்கள்.

கிண்ணியாத் தம்பிக்கு: வளவுக்குள் நெட்வேர்க் வயர் இழுக்காதீர்கள், பைபர் வயரே இழுக்கலாம். இரண்டு முனைக்கும் மாற்றுகிற சின்னப் பெட்டி விற்கிறார்கள், இரண்டும் சேர்த்து இன்னொரு மலிவு ரவுட்டர் விலையளவில் வரும். உம்மாவின் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள், பெட்டிக்கும் கரண்ட் வேண்டும்தானே. இடி விழுந்த அடையாளம் இருந்தால் வொரண்டி கிடையாது என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

மறுபடி உவர்மலை:

பாலையூற்று அண்ணா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு ஏணி வைத்து ஏறினேன். ரவுட்டரின் அடியில் 9 என்று இருக்கிறது. இரண்டு கிழமைக்கு முன் வாங்கின சின்ன யூ.பி.எஸ்ஸில் நான் கொழுவியிருந்தது 12. ரவுட்டர் இன்னும் ஓடுகிறது, ஆனால் கையை வைத்தால் சூடு தெரிகிறது. மாற்றிக் கொழுவிவிட்டேன். காலையில் எழும்பிப் பார்த்தால் 12 வயரின் நுனியில் வெள்ளை பிளாஸ்டர் சுற்றி, மகனின் கையெழுத்தில்: ‘அப்பா, இது இல்லை.’