17 அடி பழைய ஃபைபர் படகு: ரெசின் காயவில்லை, கன்சோல் ஆடுகிறது, உதவி தேவை

ஒத்தக்கடை ஓடம்

வணக்கம். மதுரை ஒத்தக்கடையில் இருக்கிறேன். போன பங்குனிக் கடைசியில் மாமனார் ஊரான தேவிபட்டினத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினேன். 17 அடி. ஏழெட்டு வருடம் வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போடாமல் கிடந்தது. "ஆறு பேர் இருந்தா தூக்கிரலாம்" என்று விற்றவர் சொன்னார். டிரெய்லரில் ஏற்றப் பதினான்கு பேர் தேவைப்பட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தொழிலுக்கு இல்லை, லீவு நாளில் தூண்டில் போடத்தான். அங்கேயே வைத்து வேலை பார்த்திருப்பேன். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையேறி மராமத்துக்கு நிற்பதால் ஃபைபர் வேலை தெரிந்த ஆள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று வீட்டுக்குப் பின்னால் லாரி டயர்கள் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். டீக்கடையில் "யானைமலையைச் சுத்தி வரப் போறீகளா" என்று கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

இப்போது சிக்கல்கள். படகின் முன்முனையான அணியத்துக்குக் கீழே வலது பக்கம் ஒரு சாண் அளவுக்கு உடைப்பு. கிரைண்டர் போட்டுத் தேய்த்துவிட்டு கண்ணாடி இழை மேட்டை ரெசின் (பிசின்) தடவி ஒட்டினேன். கடையில் "லிட்டருக்கு ஒரு மூடி ஹார்டனர்" என்றார்கள், ரெசினை இறுக வைப்பது அதுதான். முதல் நாள் மதியம் 2 மணிக்கு ஒரு பெயிண்ட் வாளியில் 2 லிட்டர் ரெசின், 2 மூடி ஹார்டனர். பாதி மேட் நனைப்பதற்குள் வாளி புகைந்து, ரெசின் நுங்கு மாதிரி கட்டிவிட்டது. பயந்துபோய் மறுநாள் அதே 2 லிட்டருக்கு அரை மூடி மட்டும் ஊற்றினேன். நாலு நாள் ஆகிறது. தொட்டால் பலாப்பழப் பால் மாதிரி விரலில் ஒட்டுகிறது.

இன்னொன்று கன்சோல், அதாவது நின்றுகொண்டே படகை ஓட்ட ஸ்டியரிங் பொருத்தும் பெட்டி. பக்கத்து வீட்டுத் தச்சர் பிளைவுட்டில் மூன்றடி உயரப் பெட்டி செய்து, தரையில் 2 அங்குல ஸ்க்ரூ போட்டு நிறுத்தினார். அதைப் பிடித்து நின்றால் பெட்டி முன்னும் பின்னும் ஆடுகிறது. ஸ்க்ரூவை முறுக்கினால் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது.

கன்சோலில் ஸ்டியரிங், திசைகாட்டி, மீன் தேடும் கருவி, இரண்டு ஸ்பீக்கர், போன் சார்ஜர் எல்லாம் வர வேண்டும். எஞ்சின் 25 குதிரைச் சக்தி, கைப்பிடி வைத்துத் திருப்புகிற வகை, கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட்.

கப்பலூர் ஃபைபர்

நான் தண்ணீர்த் தொட்டி, கதவு செய்கிறவன். படகு செய்ததில்லை, ஆனால் ரெசின் எல்லாம் ஒரே ஜாதிதான்.

முதலில் அந்த மூடியை அளந்து சொல்லுங்கள். ரெசின் லேசான ரோஜா நிறத்தில் இருந்ததா? இருந்தால் இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டர் கடையிலேயே கலந்தாகிவிட்டது. இல்லையென்றால் தனியாக ஊதா நிறத்தில் ஒரு பாட்டில் கொடுத்திருப்பார்கள். அதையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள். வெடிக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆக்ஸிலரேட்டர் ரெசினில் முழுதாகக் கலந்த பிறகுதான் ஹார்டனர்.

பிறகு நகச் சோதனை. பிசுபிசுப்பை அசிட்டோன் துணியால் துடைத்துவிட்டு நகத்தால் அழுத்துங்கள். அடியில் கல் மாதிரி இருந்தால் பயமில்லை. காற்றுப் பட்ட மேல்தோல் மட்டும் காயாமல் நிற்பது இந்த ரெசினின் குணம். நகம் உள்ளே இறங்கினால் கதை வேறு.

ஒத்தக்கடை ஓடம்

மூடி 22 மில்லி. ரெசின் ரோஜா நிறம்தான். நகம் இறங்குகிறது அண்ணே. வாசனைகூடப் போகவில்லை.

கப்பலூர் ஃபைபர்

அப்படியென்றால் கணக்குப் போடுங்கள். முதல் நாள் லிட்டருக்கு 22 மில்லி, ஏறக்குறைய 2 சதவீதம். குளிர்நாளில் அது சரி. சித்திரை வெயில் மதியம் 2 மணிக்கு, அதுவும் ஆழமான வாளியில் 2 லிட்டர் என்றால் புகையாமல் என்ன செய்யும்? சூடு வெளியேற வழியில்லை. மறுநாள் 2 லிட்டருக்கு 11 மில்லி, அதாவது அரை சதவீதம். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் ஒருநாளும் முழுதாக இறுகாது. வெயிலில் காயட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது பெயிண்ட் இல்லை. ஒட்டிய அந்த மேட்டை மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதன் மேல் எது ஒட்டினாலும் ஒருநாள் தோலாக உரிந்து வரும்.

மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். அரைக் கிலோ ரெசின், 5 மில்லி ஹார்டனர், அகலமான தட்டில் கலக்கி, காலை 6 மணிக்கு ஆரம்பித்து 9 மணிக்கு முடித்துவிடுங்கள். கடைசிப் பூச்சுக்கு மட்டும் மெழுகுக் கரைசல் சேர்த்த ரெசின். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உடைப்பைச் சுற்றி எவ்வளவு தூரம் சாய்வாகத் தேய்த்தீர்கள்? கனத்தைப் போல 12 மடங்கு வேண்டும். 5 மி.மீ. கனம் என்றால் சுற்றிலும் 6 செ.மீ.

வடகடல் பெரியவர்

தம்பி, உடைப்பை விடுங்கள், அது வெளியே தெரிகிற நோய். ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. தரைக்குள் இருக்கும் பலகை மக்கிவிட்டது. பதினான்கு பேர் தூக்கியதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தண்ணீரைத் தூக்கியிருக்கிறீர்கள்.

ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தரை முழுக்க ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டக்கென்று எதிரொலிக்கும். கெட்ட இடம் பொத்தென்று ஈரச் சாக்கில் அடித்த மாதிரி கேட்கும். சந்தேகமான இடத்தில் 6 மி.மீ. துளை, உள்பக்கத்திலிருந்து மட்டும். எஞ்சின் மாட்டுகிற பின்பலகையிலும் அதே மாதிரி பாருங்கள், முக்கியமாகத் தண்ணீர் வடிகிற துளையைச் சுற்றி. தரை மக்கினால் கால் உள்ளே போகும், பின்பலகை மக்கினால் எஞ்சினே கடலுக்குள் போகும்.

முடிந்தால் எடை போடுங்கள். உங்கள் மேலூர் ரோட்டில் கல் லாரிக்கு எடை மேடை இல்லாமலா இருக்கும்?

பரமக்குடி தூண்டில்

25 குதிரைக்குக் கன்சோல் எதற்கு? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தால் போதும். இடமும் மிச்சம், காசும் மிச்சம்.

ஒத்தக்கடை ஓடம்

@பரமக்குடி தூண்டில்: இரண்டு வருடம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து வலது தோள் விலகியது. கையைப் பின்னால் வைத்துப் பத்து நிமிடம் பிடிக்க முடியாது. ஸ்டியரிங் இல்லாவிட்டால் எனக்குப் படகே இல்லை.

@வடகடல் பெரியவர்: ஐயா, எடை போட்டேன். டிராக்டரோடு ஒரு தடவை, படகை இறக்கிவிட்டு ஒரு தடவை. படகு மட்டும் 610 கிலோ. விற்றவர் 350 என்றார். தரையில் ஏழு துளை போட்டேன். ஐந்தில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் தண்ணீர் வழிந்தது. பின்பலகையில் மேலே எல்லாம் காய்ந்த வெள்ளைத் தூள், வடிகால் பக்கம் மட்டும் ஈரத் தூள். வீட்டில் இதைச் சொன்னதும் "அந்தக் காசுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வந்திருக்கும்" என்று பதில் வந்தது.

வடகடல் பெரியவர்

ஃப்ரிட்ஜும் வாங்கிக் கொடுங்கள், அந்த அட்டைப்பெட்டி உங்களுக்கு வேண்டியிருக்கும், பிறகு சொல்கிறேன்.

தரையை வெட்டி எடுக்க வேண்டியதுதான். வெட்டுவதற்கு முன்னால் படகை டயரிலிருந்து இறக்கி, நாலைந்து இடத்தில் கட்டை கொடுத்து மட்டம் பாருங்கள். தரை போனதும் படகின் உடம்பு தளர்ந்துவிடும். கோணலாக நின்றிருந்தால் புதுத் தரை போட்டதும் கோணல் நிரந்தரமாகிவிடும். சுற்றிலும் 2 அங்குலம் விளிம்பு விட்டு வெட்டுங்கள், புதுப் பலகை உட்கார அது வேண்டும். நீளவாக்கில் ஓடுகிற சட்டங்களில் கிரைண்டர் படக்கூடாது.

உள்ளே மிதப்புக்காக மஞ்சள் ஃபோம் இருக்கும். தண்ணீர் குடித்ததைப் பூராவும் அள்ளி எறியுங்கள். அப்புறம் காயவிடுங்கள். இதற்கு மட்டும் உங்கள் ஊர் எங்கள் ஊரைவிட நல்ல ஊர், உப்புக்காற்று இல்லை. காய்ந்ததா என்று பார்க்க, ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

வடிகாலைச் சுற்றி மக்கிய பலகையைத் தோண்டிக்கொண்டே போங்கள். ஒரு சாணுக்குள் காய்ந்த மரம் வந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். வராவிட்டால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பின்பலகை முழுவதையும் மாற்றுங்கள்.

கள்ளந்திரி

ஃபோமுக்குப் பதில் தெர்மாகோல் போட்டுவிடுங்கள் பாஸ். விலை கம்மி.

கப்பலூர் ஃபைபர்

போட்டுவிட்டு அதன் மேல் ரெசின் ஊற்றிப் பாருங்கள், சர்க்கரைப் பாகில் போட்ட பஞ்சுமிட்டாய் மாதிரி காணாமல் போகும். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால்கூட அதைவிட மேல், தண்ணீராவது குடிக்காது.

பலகை ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளை, 12 மி.மீ. கடைக்காரர் 303 முத்திரையைக் காட்டி "இதுவும் வாட்டர் புரூப்தான்" என்பார், நகர்ந்துவிடுங்கள். ஆறு முகத்திலும் ரெசின் தடவுங்கள், வெட்டு முனைகளில் இரண்டு தடவை. தண்ணீர் அந்த முனை வழியாகத்தான் ஏறும். ஸ்க்ரூ போகிற ஒவ்வொரு துளையையும் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி (வேறு வகைப் பிசின்) நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் மறுபடி துளைக்க வேண்டும். எபாக்ஸி பட்ட இடத்தின் மேல் சாதா ரெசின் சரியாகப் பிடிக்காது, அதனால் அந்த வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடகடல் பெரியவர்

இப்போது அட்டைப்பெட்டி. தரையை மூடுவதற்கு முன்பே கன்சோல் எங்கே என்று முடிவு செய்தாக வேண்டும். பெட்டியைக் கன்சோல் அளவுக்கு வெட்டி, நடுவிலிருந்து கொஞ்சம் பின்னே தள்ளி வைத்து, பின்னால் நின்று பாருங்கள். உங்கள் தோளுக்கு ஸ்டியரிங் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் சுகம். இரண்டு பக்கமும் ஒரு ஆள் தூண்டிலோடு நடந்து போக முடிகிறதா என்றும் பாருங்கள்.

இடம் முடிவானதும் கன்சோலின் நாலு காலும் விழும் இடத்தில், தரைக்கு அடியில் 18 மி.மீ. பலகைத் துண்டுகளை மேட் போட்டு ஒட்டிவிடுங்கள். ஸ்க்ரூ வேண்டாம், அடியில் தகடு வைத்து 8 மி.மீ. போல்ட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் கேளுங்கள், 304 உப்புக்காற்றில் துரு படியும். அங்கிருந்து பின்பலகை வரை ஒரு 3 அங்குல பிவிசி குழாய், உள்ளே நைலான் கயிறு ஒன்று விட்டு வையுங்கள். பிற்பாடு வயரையும் கேபிளையும் அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

கப்பலூர் ஃபைபர்

பெட்டியையும் ஃபைபரிலேயே செய்துவிடுங்கள். மைக்கா ஒட்டிய பலகையில் வழவழப்பு உள்ளே வருகிற மாதிரி அச்சு அடித்து, மூலைகளைக் களிமண்ணால் உருட்டி, மெழுகு நாலு தடவை தேய்த்து, ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சு, அப்புறம் 450 கிராம் மேட் நாலு அடுக்கு. ஏறக்குறைய 4 மி.மீ. வரும். வெள்ளையில் செய்யுங்கள், கறுப்பு அழகுதான், மதியம் கை வைக்க முடியாது.

வயர்மேன் திருமங்கலம்

ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஸ்பீக்கரையும் திசைகாட்டியையும் ஒரே கன்சோலில் பக்கத்தில் வைத்தால் முள் ஸ்பீக்கரைத்தான் வடக்கு என்று காட்டும், உள்ளே இருப்பது காந்தம். ஸ்பீக்கரைக் கன்சோலில் வைக்கவே வேண்டாம், பின் இருக்கைக்கு அடியில் கொண்டுபோங்கள்.

கயிறு இழுக்கும் எஞ்சின் பெரும்பாலும் பேட்டரியைச் சார்ஜ் செய்யாது. வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்துப் போகிற மாதிரி பேட்டரியைக் கழற்ற வசதி வையுங்கள். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் மிதவை சுவிட்ச் மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரிக்கு. வயர் வெள்ளீயம் பூசிய செம்பு கேட்டு வாங்குங்கள். வெறும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துப் பச்சையாகும்.

வடகடல் பெரியவர்

ஸ்டியரிங் வாங்கும் முன் எஞ்சினைப் பாருங்கள். சாய்க்கும் இடத்தில் குறுக்கே ஒரு குழாய் இருந்தால் கேபிள் அதன் வழியாகப் போகும். இல்லையென்றால் தனிப் பிடி வாங்க வேண்டும். கியர், எஞ்சின் ஆக்ஸிலரேட்டர் கேபிள்களுக்கும் மாற்றுப் பாகங்கள் உண்டு, மாடல் எண் சொல்லிக் கேளுங்கள். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கயிறு கன்சோலுக்கு வர வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். படகுக்குப் பதிவுத் தாள் வாங்கினீர்களா?

ஒத்தக்கடை ஓடம்

ஆடி பிறந்துவிட்டது, நிலவரம் சொல்கிறேன். சுரண்டிய உடைப்பை அதிகாலையில் அரைக் கிலோ கணக்கில் ஒட்டினேன். மறுநாள் மதியம் சுத்தியால் தட்டினால் வெண்கலம் மாதிரி ஒலித்தது. பின்பலகையில் ஒரு சாணுக்குள் நல்ல மரம் வந்துவிட்டது, தப்பித்தேன். மூன்று சாக்கு ஈர ஃபோம் போனது. கன்சோல் போட்ட பிறகு எடை 425 கிலோ. கன்சோலின் இடது மூலையில் ஜெல்கோட் சுருங்கிவிட்டது, மெல்லியதாகப் பூசிவிட்டேன் போல. அதன் மேல் பையனின் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. பெட்டியைப் பிடித்து இரண்டு பேர் உலுக்கினோம், படகுதான் ஆடியது. பதிவுத் தாளும் மீன்வளத் துறையில் பெயர் மாற்றக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது கச்சான் (தென்மேற்கு) காற்று அடிக்கிறதே, தண்ணீரில் இறக்க ஐப்பசி வரை காத்திருக்கவா?

வடகடல் பெரியவர்

கச்சானில் கொந்தளிப்பது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. தேவிபட்டினம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, இப்போதுதான் அமைதியாக இருக்கும். ஐப்பசியில் வாடை (வடகிழக்குக் காற்று) பிறந்தால் தலைகீழாகிவிடும். பெயர் மாறியதும் வந்துவிடுங்கள். பிறகு எப்போதாவது தென்கடலுக்குப் போனால் அந்த 21 தீவிலும் கால் வைக்காதீர்கள், தேசியப் பூங்கா.

இறக்குகிற அன்று வடிகால் அடைப்பானைப் போட்டாயிற்றா என்று பாருங்கள். நான் இரண்டு தடவை மறந்திருக்கிறேன்.