மார்பைக் குறைக்கிற ஆபரேஷன்: மூணாவது வாரத்தைப் பத்தி எனக்கு யாரும் சொல்லல

சேலம் செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறை வேலை எனக்கு. வயசு 38, ரெண்டு பிள்ளைங்க. நாள் முழுக்கக் குனிஞ்சு உட்கார்ந்து சலங்கை பத்த வைக்கணும். கழுத்து வலிக்கும் தோள் வலிக்கும் இந்த வேலைதான் காரணம்னு பல வருஷம் நெனச்சுட்டு இருந்தேன். ஆனா பக்கத்துல உட்கார்ந்து இதே வேலை செய்யிறவங்க சாயங்காலம் சட்டுனு எழுந்து போயிடுவாங்க. நான் சுவத்தைப் பிடிச்சுத்தான் எழுந்திருப்பேன். பாடி நாடா அழுத்தி அழுத்தி ரெண்டு தோள்லயும் சுண்டுவிரல் பதியிற மாதிரி குழி. சித்திரை வெயில்ல மார்புக்கு அடியில வேர்த்து, தோல் உரிஞ்சு புண்ணாயிடும்.

களிம்பு எழுதிக் கொடுத்த தோல் டாக்டர்தான், "பாரம் குறையாம இந்தப் புண்ணு போகாதும்மா, பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்க"ன்னார். மாமியார்கிட்ட சொன்னேன். "பால் குடுத்த எடத்துல கத்தி வைக்கிறதா"ன்னு கேட்டவங்க, ஒரு வாரம் என்கிட்ட பேசல.

சர்ஜன் முதல்ல கேட்டது, இன்னும் குழந்தை வேணுமான்னு. இதுக்கப்புறம் பால் சுரக்கறது குறையலாம், சிலருக்கு நின்னே போகலாம்னார். அடுத்தது புகையிலை. வெத்தலையோட கொஞ்சம் போடுவேன். அது ரத்தக் குழாயைச் சுருக்கிடும், காம்புக்கு ரத்தம் போகாமக் கருகிடும்னு சொல்லி ஒரு மாசம் முன்னாடியே நிறுத்த வெச்சார். அப்புறம் மார்பக ஸ்கேன், ரத்தம், சர்க்கரை, இசிஜி.

ஆபரேஷன் அன்னிக்குக் காலைல நிக்க வெச்சு மார்க்கர் பேனாவால கோடு போட்டாங்க. படுத்தா வடிவம் மாறிடுமாம். மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கண் முழிச்சப்போ ரெண்டு பக்கமும் டியூப் இருந்துச்சு, மறுநாள் எடுத்துட்டாங்க. தையல் காம்பைச் சுத்தி ஒரு வட்டம், அங்கிருந்து நேரா கீழே ஒரு கோடு, அடி மடிப்புல குறுக்கே ஒண்ணு. நங்கூரம் மாதிரி இருக்கும். எடுத்த சதையை எடை போட்டு, பரிசோதனைக்கும் அனுப்புவாங்க. இடது பக்கம் 640 கிராம், வலது பக்கம் 710. தெனமும் வெள்ளி எடை போடற கைங்க இது. ஒரு கிலோ 350ன்னு கேட்டதும், இத்தனை வருஷம் கழுத்துல என்ன தொங்குச்சுன்னு கைக்கே தெரிஞ்சுது.

முதல் மூணு நாள் இறுக்கமும் எரிச்சலும் இருந்துச்சு, மாத்திரைக்கு அடங்குச்சு. தலகாணி அடுக்கி மல்லாக்கத்தான் படுக்கணும். ராப்பகலா ஆறு வாரம் சர்ஜிக்கல் பிரா. குடம், சிலிண்டர், மாவுப் பாத்திரம் எதையும் தூக்கக் கூடாது. கையைத் தலைக்கு மேல கொண்டு போகக் கூடாது.

மூணாவது வாரம்தான் பயந்து போனேன். ரெண்டு கோடும் சேர்ற எடத்துல தையல் விட்டு, நாலணா அகலத்துக்குத் தெறந்துக்கிச்சு. மஞ்சளா நீர் கசிஞ்சுது. எல்லாம் போச்சுன்னு அழுதேன். ஓடிப் போய்க் காட்டினா, அந்த முனையில இழுவை அதிகம், ரத்த ஓட்டம் கம்மி, நிறைய பேருக்கு இப்படி ஆகும்னார் டாக்டர். திரும்பத் தைக்கல. தெனமும் டிரெஸ்ஸிங் போட்டே ஒரு மாசத்துல மூடிக்கிச்சு. இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ராத்திரி நான் தூங்கியிருப்பேன். அதுக்காகத்தான் இதை எழுதறேன். ஆனா காய்ச்சல், பரவுற சிவப்பு, சீழ் நாத்தம், ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கிக் கல்லாகுறது, காம்பு கருக்குறது, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு கூடப் பார்க்காமப் போயிடுங்க.

இன்ஷூரன்ஸ்ல அழகு சிகிச்சைன்னு சொல்லித் தள்ளிட்டாங்க. புண்ணுக்கும் வலிக்கும் பார்த்த பழைய சீட்டையெல்லாம் வெச்சு, ஆபரேஷனுக்கு முன்னாடியே எழுத்துல அனுமதி கேளுங்க. நான் அப்புறமாக் கேட்டேன்.

ஏற்காட்டிலிருந்து:

நான் எஸ்டேட் வேலை அக்கா. அஞ்சாம் நாள் டிரெஸ்ஸிங்குக்கு பஸ்ல எறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவுலயும் தையல் இழுத்துச்சு, சின்னத் தலகாணியை மார்போட அணைச்சுக்கிட்டே போனேன். மலைல இருக்கறவங்க முதல் பத்து நாள் கீழே அஸ்தம்பட்டி பக்கமோ எங்கயோ சொந்தக்காரங்க வீட்ல தங்கிடுங்க.

அம்மாப்பேட்டையிலிருந்து:

என் பொண்ணுக்கு 17 வயசு. வளர்ச்சி நின்னு அளவு ஒரே மாதிரி இருக்கட்டும், அதுவரைக்கும் காத்திருங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். எடை கூடினாலும், பின்னாடி பிள்ளை உண்டானாலும் திரும்பப் பெருசாகலாமாம். அக்கா, மார்புல தொடு உணர்ச்சி திரும்ப வந்துச்சா? தழும்பு எப்படி இருக்கு?

முதல்ல எழுதினவங்க:

வலது பக்கம் ரெண்டு மாசத்துல வந்துடுச்சும்மா. இடது காம்பு அஞ்சு மாசம் மரத்தே கெடந்துச்சு, இப்போ பாதி வந்திருக்கு. தழும்பு முதல்ல செவந்து தடிச்சுதான் இருக்கும். சிலிகான் ஜெல் தடவறேன், ஒரு வருஷத்துக்கு மேல ஆகும் வெளுக்க. நீ பொண்ணுக்கு இப்போதைக்கு நல்ல அகல நாடா வெச்ச பாடியா அளவு எடுத்து வாங்கிக் குடு.

கையைத் தூக்க முடியாத அந்த ஆறு வாரமும் எனக்குத் தலை வாரிப் பின்னி விட்டது மாமியார்தான். ஏழாவது வாரம் பட்டறைக்குப் போயிட்டேன். தோள்ல குழி அப்படியேதான் இருக்கு, வலி இல்ல.