4 இம்ப்ளான்ட் பார்: வார்ப்பதா, மில்லிங்கா?

கேள்வி: கீழ்த்தாடையில் நான்கு இம்ப்ளான்ட்களை (எலும்பில் பதித்த செயற்கைப் பல்வேர்கள்) இணைத்துப் பல்செட்டைத் தாங்கும் பார் (உலோகப் பட்டை), கோபால்ட்-குரோமில் ஒரே துண்டாக வார்த்தது. மாடலில் (வாயின் அளவெடுத்துச் செய்த வார்ப்பு) கச்சிதமாக உட்காருகிறது. வாயில் ஒரு முனையிலுள்ள ஸ்க்ரூவை மட்டும் முடுக்கினால் மறுமுனை தூக்குகிறது. மில்லிங் செய்தால் (திட உலோகக் கட்டியிலிருந்து இயந்திரத்தால் வெட்டியெடுத்தால்) தீருமா?

பதில் 1: மாடலிலும் ஒற்றை ஸ்க்ரூவோடுதான் பார்த்தீர்களா? நான்கையும் முடுக்கினால் உலோகம் வளைந்து, சரியாக உட்கார்ந்ததுபோலக் காட்டும். ஒற்றை ஸ்க்ரூவிலும் அங்கே இடைவெளி இல்லையென்றால் பிழை அளவெடுத்ததில்தான். மில்லிங் அதே பிழையை அப்படியே வெட்டித் தரும். அப்போது ரெசின் ஜிக் (இம்ப்ளான்ட்கள் நிற்கும் இடத்தைச் சரிபார்க்கும் பிளாஸ்டிக் சட்டம்) செய்யுங்கள். அதை இம்ப்ளான்ட்களுக்கு நடுவே மெல்லிய டிஸ்க்கால் அறுத்து, 24 மணி நேரம் விட்டு, வாயில் துளி ரெசினால் இணையுங்கள். இணைப்பு குறுகலாக இருந்தால் சுருக்கமும் குறைவு.

கேட்டவர்: மாடலிலும் தூக்குகிறது.

பதில் 2: அப்படியானால் வார்ப்புச் சுருக்கம். வளைந்த நீளமான பாரில் இது கூடுதலாகத் தெரியும். பாரை அறுத்து, துண்டுகளை வாயில் நிலைப்படுத்தி, லேசர் வெல்டிங் செய்யலாம். புதிதாகச் செய்வதென்றால் மில்லிங்: உலோகம் உருகுவதில்லை, அதனால் இந்தச் சுருக்கமே இல்லை. லேசர் பிரிண்டிங் (உலோகப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகக் கட்டுவது) என்றால், பார் ஒட்டியிருக்கும் அடித்தகட்டிலிருந்து வெட்டும் முன்பே வெப்பப் பதம் (சூடாக்கி ஆறவிடுதல்) கட்டாயம். தவறினால் உள்ளழுத்தம் விடுபட்டுப் பார் வளையும்.

பதில் 1: பார் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஈறுக்குக் கீழே கண் எட்டாது, எக்ஸ்ரே எடுங்கள். கதிர் இம்ப்ளான்ட் அச்சுக்குச் செங்குத்தாக விழ வேண்டும். சாய்ந்தால் இடைவெளி மறைந்துவிடும்.