சத்யம் இயக்குநர் குழு ஏன் தடுக்கவில்லை?

கேள்வி: 2008 டிசம்பர் 16 அன்று, சத்யம் என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய இரு மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கும் திட்டத்தைச் சத்யத்தின் சுயேச்சை இயக்குநர்கள் (நிறுவனத்தோடு சொந்த நலத் தொடர்பு இல்லாத குழு உறுப்பினர்கள்) எவ்வாறு ஒருமனதாக ஏற்றார்கள்?

பதில்: அவர்கள் கேள்வியே எழுப்பவில்லை என்பது சரியன்று, ஐயங்களைத் தெரிவித்த பின்னரும் இசைந்தார்கள் என்பதே எனக்குக் கூடுதல் வேதனை தருகிறது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால்தான் சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இன்னொருவர் பதில்: ஐயா, மேட்டாஸ் பேரம் சத்யம் மோசடியில் வெளியே தெரிந்த பகுதி மட்டுமே. 2009 ஜனவரி 7 அன்று ராஜு எழுதிய கடிதத்தின்படி, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம். வங்கி இருப்பை வங்கியிடமே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்வது தணிக்கையாளரின் அடிப்படைக் கடமை. அது ஒழுங்காக நடந்திருந்தால் இந்தப் பொய் ஆண்டுக்கணக்கில் நீடித்திருக்காது.

மற்றொருவர் பதில்: தணிக்கையைப் பொறுத்தவரை, பின்னர் வந்த 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் தணிக்கையாளரைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மாற்றுவதைக் கட்டாயமாக்கியது.