பூசான் சந்தைகளில் கிடைத்த கொசுறு

நெய்தல் எழுதியது:

தென்கொரியச் சந்தைகளைப் பற்றிய இந்த இழையில், சியோலின் குவாங்ஜாங் சந்தையைப் பற்றி முன்னரே மூவர் எழுதிவிட்டதால், நான் மூன்றாண்டுகள் ஆய்வாளனாக வாழ்ந்த பூசான் நகரத்துச் சந்தைகளைப் பற்றி எழுதுகிறேன். சியோலில் சந்தைக்குப் போகிறவர்கள் படமெடுக்கவும் போகிறார்கள். பூசானில் இன்னமும் பெரும்பாலானோர் மீன் வாங்கத்தான் போகிறார்கள் என்பது என் எண்ணம். இதை ஏற்காத சியோல்வாசிகள் என்னை மன்னிக்க வேண்டும்.

முதல் நாள் நான் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன். குக்ஜே சந்தையை ஒட்டிய உணவுச் சந்தில், முழங்கால் உயரம்கூட இல்லாத முக்காலிகளைப் போட்டு வரிசையாக அமர்ந்து வணிகம் செய்யும் பெண்களுள் ஒருவரை, பாடப்புத்தகத்தில் படித்த துணிச்சலில் ‘ஆஜும்மா’ (நடுவயதுப் பெண்மணி) என்று அழைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே ஏதோ தவறிவிட்டது என்று தெரிந்தது. உடன் வந்த ஆய்வகத் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘ஈமோ என்று கூப்பிடுங்கள்’ என்றார். ஈமோ என்றால் தாயின் உடன்பிறந்தவள். நம் முறையில் சின்னம்மா அல்லது பெரியம்மா. சாலையோரத்தில் இட்லி விற்பவரை நாம் ‘அக்கா’ என்றோ ‘ஆயா’ என்றோ அழைப்பதைப்போல, அங்கே உணவு பரிமாறும் பெண்கள் எல்லோருமே ஊருக்கு ஈமோக்கள். (‘அப்பா’ என்னும் சொல் கொரிய மொழியிலும் உண்டு என்று எழுதாத தமிழர் கட்டுரையே இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். எனக்குப் பயன்பட்ட உறவுமுறை ஈமோதான்.)

அந்தச் சந்தின் சிறப்பு பிபிம் தங்ம்யோன். சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் செய்த, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சேமியாவை வெந்நீரில் முக்கி எடுத்து, ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் கீரை, ஊறிய மஞ்சள் முள்ளங்கி, மெல்லிய நாடாவாக நறுக்கிய மீன் அப்பம் ஆகியவற்றை வைத்து, நடுவில் ஒரு கரண்டி மிளகாய் விழுதும் மேலே சில துளி நல்லெண்ணெயும் விட்டுத் தருவார்கள். எள்ளை நன்றாக வறுத்து ஆட்டிய எண்ணெய் என்பதால் மணம் நம்முடையதைவிடத் தூக்கலாக இருக்கும். நான் மேலிருந்து பதமாக எடுத்துத் தின்னத் தொடங்கியதைப் பொறுக்கமாட்டாமல், அந்த அம்மையார் என் கையிலிருந்த குச்சிகளைப் பிடுங்கி, கிண்ணத்தின் அடிவரை கிளறி, எல்லாம் ஒரே சிவப்பாகும்வரை பிசைந்து, மறுபடி என் கையில் திணித்தார். பாதி தின்றுகொண்டிருக்கும்போதே இன்னொரு பிடி சேமியாவை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். அதற்குத் தனியாகப் பணம் உண்டோ என்று நான் சட்டைப்பையில் கை வைத்ததும், ஈ ஓட்டுவதைப்போலக் கையை வீசிவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அதற்குத் ‘தொம்’ என்று பெயர். கொசுறு என்ற நம் சொல்லுக்கு இவ்வளவு நேரான இணை வேறு மொழியில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கீரைக்காரர் கட்டோடு இரண்டு கொத்துமல்லியைச் சேர்த்துப் போடுவதுபோல, பூசான் சந்தையில் ஆரஞ்சுப் பை கட்டும்போது மேலே இரண்டு பழம் விழும். கேட்டுப் பெறுவதும் உண்டு, கேளாமல் கிடைப்பதும் உண்டு. பேரங்காடிகளில் ‘ஒன்று வாங்கினால் ஒன்று’ என்று ஒட்டியிருக்கிறார்களே, அது கணக்கு, கொசுறு ஆகாது.

இந்த உணவுகளின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்து, அவர்கள் விட்டுச்சென்ற பொருட்களை வெட்டவெளியில் பரப்பி விற்ற இடமே குக்ஜே சந்தையின் தொடக்கம். 1950இல் கொரியப் போர் மூண்டு பூசான் தற்காலிகத் தலைநகரானபோது, எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் அங்கேயே கடை போட்டார்கள். பக்கத்திலுள்ள புப்யோங் சந்தையை எல்லோரும் ‘காங்தோங்’ சந்தை என்றே அழைக்கிறார்கள்; காங்தோங் என்றால் தகர டப்பா. அமெரிக்கப் படை முகாம்களிலிருந்து கசிந்துவந்த டப்பா உணவுகள் அங்கே விலைபோனதால் வந்த பெயர் அது. வடக்கே பக்வீட் என்னும் தானிய மாவில் குளிர் நூடுல்ஸ் செய்து பழகியவர்கள், பூசானில் அது கிடைக்காமல் உதவிப்பொருளாக வந்த கோதுமை மாவைக் கொண்டு செய்ததே, இன்று கோடைக்காலத்தில் மக்கள் வரிசையில் நின்று உண்ணும் மில்ம்யோன். பனிக்கூழ்போல் உறைந்த குழம்பில் மிதக்கும் அந்த நூடுல்ஸை உண்ணும்போது, இல்லாமையிலிருந்து பிறந்த பண்டம் என்று ஒருவராவது நினைப்பார்களா என்று தெரியவில்லை. நானும் முதல் பத்து முறை நினைக்கவில்லை.

சாகல்ச்சி மீன் சந்தையில் எனக்கு ஒரு கசப்பும் நேர்ந்தது. ‘ஓயிசோ, போயிசோ, சாயிசோ’ என்பது அங்கே எங்கும் காணப்படும் வட்டார வழக்கு. வாருங்கள், பாருங்கள், வாங்குங்கள் என்று பொருள். கீழ்த்தளத்தில் தொட்டியில் உயிரோடிருக்கும் மீனைத் தேர்ந்தெடுத்தால், அங்கேயே அறுத்து மாடிக்கு அனுப்புவார்கள். மாடியில் அமர்ந்து உண்ணலாம். நாங்கள் நால்வர் ஒரு தட்டை மீனை எடை போட்டு, விலை பேசி, அந்த விலையில் எல்லாம் அடக்கம் என்று அவர்கள் கையால் காட்டியதை நம்பி மேலே போனோம். உண்டு முடித்தபின் வந்த சீட்டில், மேசைக்காக ஆளுக்கொரு தொகை, மீன் எலும்பில் வைத்த காரக் குழம்புக்கு ஒரு தொகை, சோற்றுக்கு ஒரு தொகை என்று தனித்தனியாக இருந்தது. சுவரில் கொரிய மொழியில் எழுதித்தான் வைத்திருந்தார்கள் என்பதால் முழுப் பழியையும் அவர்கள்மேல் போட முடியவில்லை. ஆனால் மீன் வாங்குமுன், ‘மேலே தலைக்கு எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டுப் போங்கள். அன்றைக்கும் கொசுறு கிடைத்தது: ஆரஞ்சு நிறத்தில், முட்கள்போன்ற புடைப்புகளோடு இருக்கும் ‘மொங்கே’ என்னும் கடலுயிரி இரண்டு. கடல்நீரில் அயோடினைக் கரைத்துக் குடித்தால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது.

தொண்டிக்காரர் எழுதியது:

நண்பர் மீன் அப்பத்தை ஒரு சொல்லில் கடந்துவிட்டார்; எனக்கு அதுதான் பூசான். கோஜே தீவின் கப்பல் கட்டும் தளத்தில் பணிபுரிந்த காலத்தில், 2010இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியாக ஞாயிறுதோறும் பேருந்தில் பூசானுக்கு வந்துவிடுவேன். மீனை அரைத்து மாவு சேர்த்துத் தட்டிப் பொரித்த ஓமுக்கை நீள மடித்துக் குச்சியில் செருகி, முள்ளங்கியும் கடற்பாசியும் நெத்திலியும் கொதிக்கும் சாற்றில் நிறுத்தி வைத்திருப்பார்கள். நின்றுகொண்டே தின்ன வேண்டும். கடைசியில் குச்சிகளை எண்ணிக் காசு. யாரும் நம்மைக் கண்காணிப்பதில்லை. ஒருமுறை ஒரு குச்சி கீழே விழுந்ததை நான் கவனிக்கவில்லை. பத்தடி நடந்தபின் நினைவு வந்து திரும்பிப்போய் ஆயிரம் வொன்னை நீட்டினேன். அந்தம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டு, காகிதக் குவளையில் சூடான சாற்றை ஊற்றித் தந்தார். சாறு எப்போதுமே இலவசம்தான், ஆனால் அன்று அதில் ஒரு ‘மூல் தோக்’கும் கிடந்தது. மூல் தோக் என்பது அதே சாற்றில் ஊறிப் பருத்த அரிசிக் கொழுக்கட்டை. சியோல் நண்பர்கள் பலருக்கு இது புதிது.

நம்போதோங் திரைப்பட விழாச் சதுக்கத்தில் விற்கும் சியாத் ஹோத்தோக்கையும் விட்டுவிடக் கூடாது. புளித்த மாவுக்குள் நாட்டுச்சர்க்கரை போன்ற பழுப்புச் சர்க்கரையை வைத்து உருட்டி, கொழுப்பு நிறைந்த கல்லில் வட்டத் தகட்டால் அழுத்திப் பொரிப்பார்கள். பொரிந்ததும் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, வாய் திறந்த அந்தப் பைக்குள் சூரியகாந்தி விதை, பூசணி விதை, வேர்க்கடலை எல்லாவற்றையும் கரண்டியால் அள்ளிப் போடுவார்கள். கீழே உருகிய பாகு காத்திருக்கும். முதல் கடியிலேயே அது நாடியில் ஒழுகிச் சுடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிட்டேன்.

மிளகுரசம் எழுதியது:

நான் சைவம். மேலே இருவரும் எழுதியவற்றுள் நான் உண்ணக்கூடியது அந்த ஹோத்தோக் ஒன்றுதான் என்று படித்துக்கொண்டே வந்தேன். கல்லில் இடுவது வெண்ணெயா மார்கரினா என்று ஒவ்வொரு கடையிலும் கேட்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரச் சாற்றில் வேகும் அரிசிக் கொழுக்கட்டையான தோக்பொக்கியைப் பார்த்தால் அரிசியும் மிளகாயும் மட்டுமே இருப்பதாகத் தோன்றும், ஆனால் அதன் சாறும் பெரும்பாலும் நெத்திலியில் வைத்ததாகவே இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் போதாது. அங்கே பலருக்கு மீன் இறைச்சிக் கணக்கில் வராது. மீனும் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மூன்று வாக்கியங்களையும் கொரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இத்தனை எச்சரிக்கையோடு இருந்த நான், குளிர்காலத்தில் கிடைக்கும் புங்ஒப்பாங் என்னும் சுட்ட பண்டத்தை இரண்டு மாதம் தொடாமலேயே இருந்தேன், அது மீன் வடிவத்தில் இருந்ததால். உள்ளே இருப்பது காராமணியை ஒத்த சிவப்புப் பயற்றை வேகவைத்து இனிப்புச் சேர்த்து மசித்த பூரணம் மட்டுமே என்பதை, அறைத்தோழி ஒன்றைப் பிட்டுக் காட்டிய பிறகுதான் அறிந்தேன். நம் சுழியத்துப் பூரணத்தை நினைவூட்டியது. அதே பயற்றில் காய்ச்சிய தன் பாத்ஜுக் என்னும் இனிப்புக் கஞ்சியைச் சந்தை ஓரத்தில் ஒரு பாட்டி விற்பார். என் அட்டையை மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதும் படித்துவிட்டு, கஞ்சிப் பானையின் மூடியைத் திறந்து காட்டி, ‘மீன் இல்லை, மீன் இல்லை’ என்று அவர் இருமுறை சொன்னது இன்னும் கண்முன் நிற்கிறது. கொசுறாக அவர் தந்தது கிம்ச்சி, அதாவது மிளகாய் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோசு. அதில் உப்பிட்ட இறால் இருந்தது.

நெய்தல் எழுதியது:

மிளகுரசம் எழுதியதைப் படித்துச் சிரித்தேன்; அந்த அட்டையில் நான்காவது வரியாகக் கிம்ச்சியையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. குபோ சந்தையைப் பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருக்கிறார். அது நக்தோங் ஆற்றையொட்டிய பகுதி. நம் வாரச்சந்தையைப்போல ஐந்து நாளுக்கொரு முறை கூடும்; 3, 8 என்று முடியும் தேதிகளில் போக வேண்டும். மற்ற நாட்களில் நிலையான கடைகள் மட்டும் இருக்கும். அங்கே நாய் இறைச்சி விற்ற கடைகள் 2019இல் மூடப்பட்டுவிட்டன என்பதால் அந்தத் தயக்கம் வேண்டாம். சந்தை நாளில் சுற்றுப்புறத்துப் பாட்டிகள் தம் தோட்டத்துக் கீரையையும் உலர்ந்த மிளகாயையும் தரையில் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சில்லறையாக ஆயிரம் வொன் தாள்களை எடுத்துச் செல்லுங்கள்; ஐம்பதாயிரம் வொன் தாளை நீட்டினால் பாட்டி பக்கத்துக் கடைக்கு எழுந்து போக வேண்டியிருக்கும், திரும்பி வரும்வரை அவருடைய கீரைக்கு நீங்கள்தான் காவல்.